கடற்படையில் கம்யூனிகேஷன் மாலுமி வேலை: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நேவியில் சேர நினைக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது இரண்டே கேள்விதான்: என்ன படித்திருக்க வேண்டும், எவ்வளவு சம்பளம். சேர்ந்த பிறகு எந்தப் பிரிவில் போடுவார்கள், அங்கே ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருப்போம் என்பதைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. அதனால் இங்கே இந்தியக் கடற்படையின் கம்யூனிகேஷன் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, விண்ணப்பத்திலிருந்து முதல் கப்பல் வரை எழுதுகிறேன். கப்பல் என்றதும் ஏவுகணையும் பீரங்கியும்தான் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் கரையிலிருந்து ஓர் உத்தரவு தப்பாகப் போய்ச் சேர்ந்தால் அத்தனையும் தப்பான இடத்தில் நிற்கும். அந்த உத்தரவை வாங்கிக் கொடுக்கிற ஆள்தான் கம்யூனிகேஷன் மாலுமி.

முதல் படி: உள்ளே நுழைவது

"கம்யூனிகேஷன் ஆபரேட்டர்" என்று தனியாக விண்ணப்பம் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தேடுகிறவர்கள் நிறையப் பேர். 2022 ஜூன் மாதம் அறிவித்த அக்னிபத் திட்டத்துக்குப் பிறகு மாலுமியாகச் சேர்வது பெரும்பாலும் அக்னிவீர், அதாவது நாலு ஆண்டுச் சேவைக்கு எடுக்கப்படுபவர், என்ற வழியாகத்தான். இந்த வேலைக்குப் போகிற வாசல் அக்னிவீர் எஸ்.எஸ்.ஆர். (சீனியர் செகண்டரி ரெக்ரூட்) என்ற சேர்க்கை. பிளஸ் டூ-வில் கணக்கும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். வயது 17½ முதல் 21 வரை, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. மதிப்பெண் சதவீதம், டிப்ளமோ படித்தவர்களுக்கான வழி, பிறந்த தேதி வரம்பு எல்லாம் ஒவ்வொரு அறிவிப்பிலும் கொஞ்சம் மாறும் என்பதால் கடற்படையின் அதிகாரப்பூர்வ ஆட்சேர்ப்புத் தளத்தில் அந்தந்த முறை வரும் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். காசு கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்கிற ஆள் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர்தான்.

கணினித் தேர்வில் ஆங்கிலம், அறிவியல், கணிதம், பொது அறிவு என நாலு பகுதி. 100 கேள்வி, ஒரு மணி நேரம், தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம். இயற்பியல், கணக்குப் பாடத்தின் ஆங்கிலச் சொற்களை இப்போதே பழகிக்கொண்டால் போதும். பாடம் தெரியாமல் கோட்டை விடுகிறவர்களைவிட, 'வெலாசிட்டி' என்றால் திசைவேகம் என்று சட்டென்று பிடிபடாமல் நேரத்தை இழக்கிறவர்கள்தான் அதிகம். அப்புறம் உடற்தகுதி: 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை ஆண்கள் 6 நிமிடம் 30 நொடிக்குள்ளும், பெண்கள் 8 நிமிடத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். கூடவே தண்டால், உட்கார்ந்து எழுவது போன்றவை உண்டு. நீச்சல் தெரியாதவர்கள் ஊரில் கிணறோ குளமோ இருந்தால், தெரிந்தவர் துணையோடு இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சியில் தண்ணீரில் இறங்காமல் தப்பிக்க முடியாது.

மருத்துவப் பரிசோதனையில் நிறம் பிரித்துப் பார்க்கும் திறனும் காது கேட்கும் திறனும் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் மாற்றிச் சொல்கிற ஒருவரை இரவில் கப்பல் மேல்தளத்தில் நிறுத்த முடியாது. விண்ணப்பிக்கும் முன் உள்ளூர்க் கண் டாக்டரிடம் ஒரு தடவை நிறப் பார்வைச் சோதனை செய்துவிடுங்கள், பின்னால் மனம் உடைந்து திரும்ப வேண்டியிருக்காது.

பணம் பற்றியும் நேராகவே பேசிவிடலாம். அக்னிவீருக்கு முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நாலாவது ஆண்டில் 40,000. அதில் 30 சதவீதம் சேவா நிதிக்கு, அதாவது நாலு ஆண்டு முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் தொகைக்கு, பிடித்தம், அரசும் அதே அளவு போடும். ஆக முதல் ஆண்டு கைக்கு வருவது 21,000. நாலு ஆண்டு முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுக்கப்படுவார்கள். இதை வீட்டில் அப்பா அம்மாவிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சில்கா, அப்புறம் கொச்சி

அடிப்படைப் பயிற்சி ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்காவில் நடக்கும். முதல் அக்னிவீர் அணி அங்கேதான் 2023 மார்ச்சில் பயிற்சி முடித்து வெளியே வந்தது. அதில் 270-க்கும் மேற்பட்ட பெண்களும் இருந்தார்கள். அணிவகுப்பு, ஓட்டம், நீச்சல், துப்பாக்கி, கடற்படை ஒழுங்குமுறை என்று நாள் நிறைந்துவிடும். சாப்பாடு, மொழி இரண்டும் ஆரம்பத்தில் நம்மவர்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். இந்தியை வெறுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்காமல், கூட இருக்கிற பையனிடம் பேசிப் பேசியே கற்றுக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில் வந்துவிடும்.

எந்தப் பிரிவு என்பது உங்கள் விருப்பம், மதிப்பெண், கடற்படையின் தேவை எல்லாவற்றையும் வைத்து முடிவாகும். கம்யூனிகேஷன் வேண்டும் என்றால் பயிற்சியில் ஆங்கிலத்திலும் எழுத்துத் தேர்வுகளிலும் நல்ல மதிப்பெண் எடுத்து வையுங்கள். கிடைத்தால் அடுத்து கொச்சியில் உள்ள சிக்னல் பள்ளி.

இந்தப் பிரிவுக்குள்ளும் கிளைகள் உண்டு. 'டெல்' என்பவர்கள் ரேடியோ அறைக்காரர்கள்: செய்தி வாங்குவது, அனுப்புவது, அலைவரிசை அமைப்பது. 'டாக்' என்பவர்கள் மேல்தளத்துக்காரர்கள்: கொடி, விளக்கு, கப்பல்கள் வரிசையாக நகரும்போது வரும் உத்தரவுகள். மின்னணுப் போர் தனி. எதிரியின் ரேடாரையும் ரேடியோவையும் கேட்டு அது என்ன, எந்தத் திசை என்று கண்டுபிடிக்கிற வேலை அது. எது கிடைத்தாலும் அடிப்படை ஒன்றுதான், அதைத்தான் இனி சொல்லப்போகிறேன். இதை இப்போதே வீட்டில் இருந்தபடி பழக ஆரம்பிக்கலாம்.

எழுத்துகளைச் சொல்லிப் பழகுங்கள்

ஆங்கிலத்தின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்: ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று ஜூலு வரை 26. மனப்பாடம் செய்வது ஒரு மாலைப்பொழுது வேலை. ஆனால் யோசிக்காமல் வாயில் வர வேண்டும், அதற்குத்தான் நாளாகும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு அவசியம், ஏனென்றால் ஆங்கில எழுத்து வரிசையின் இரண்டாவது எழுத்தையும் பதினாறாவது எழுத்தையும் நாம் 'பி' என்றே எழுதுகிறோம், பேச்சிலும் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். நாலாவது எழுத்தும் இருபதாவது எழுத்தும் 'டி'-யில் முட்டிக்கொள்ளும். பிராவோ, பாப்பா, டெல்டா, டேங்கோ என்று சொல்லிவிட்டால் இரைச்சலிலும் குழப்பம் வராது. பஸ்ஸில் போகும்போது எதிரே வரும் வண்டிகளின் நம்பர் பிளேட்டை மனசுக்குள் படித்துக்கொண்டே போங்கள், இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. எண்களையும் சேர்த்துப் பழகுங்கள்: 9-ஐ 'நைனர்' என்பார்கள், 3 'ட்ரீ', 5 'ஃபைஃப்'. இரைச்சலில் 5-ம் 9-ம் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் வந்த ஏற்பாடு இது.

வாய்ஸ் ஒழுங்கு

ரேடியோவில் பேசுவது போனில் பேசுவது மாதிரி இல்லை. ஒருவர் பேசும்போது அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லாரும் காத்திருக்கிறார்கள். முதலில் என்ன சொல்லப்போகிறோம் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், இல்லையென்றால் முதல் அசை போய்விடும். அது பெரும்பாலும் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்ற பெயராகத்தான் இருக்கும். எதிராளியின் அழைப்புப் பெயர் முதலில், உங்கள் பெயர் அப்புறம்.

'ரோஜர்' என்றால் முழுதாகக் காதில் விழுந்தது என்று மட்டும் பொருள். 'வில்கோ' என்றால் புரிந்தது, செய்துவிடுகிறேன். இரண்டையும் மாற்றிச் சொன்னால் அதிகாரி செய்யச் சொன்ன ஒன்றைச் செய்வதாக நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும். 'ஓவர்' என்றால் நான் முடித்தேன், பதில் சொல். 'அவுட்' என்றால் பேச்சே முடிந்தது, பதில் வேண்டாம். சினிமாவில் வருகிற 'ஓவர் அண்ட் அவுட்' இங்கே செல்லாது, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. காதில் விழவில்லை என்றால் 'சே அகெய்ன்' என்று கேளுங்கள், 'ரிப்பீட்' என்ற சொல் வேண்டாம். பீரங்கிச் சுடுதலில் அதற்கு 'மறுபடி சுடு' என்று அர்த்தம்.

இதில் மிக முக்கியமானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாதி விழுந்த சொல்லை ஊகித்து நிரப்பாதீர்கள். வாக்கியத்தின் போக்கைப் பார்த்தால் அடுத்த சொல் இதுவாகத்தான் இருக்கும் என்று மூளை தானாகவே எழுதிவிடும், அனுபவம் கூடக்கூட அந்த ஆசை இன்னும் கூடும். எண்ணாக இருந்தால் ஊகிக்கவே கூடாது. ஒரு திசைக்கோணத்தில் ஒரு இலக்கம் மாறினால் கப்பல் வேறு பக்கம் திரும்பும். சீனியர் முகம் சுளித்தாலும், எதிர்முனை எரிச்சல்பட்டாலும், மறுபடி கேளுங்கள். நல்ல ஆபரேட்டர்கள் கூச்சப்படாமல் மறுபடி கேட்பார்கள், நான் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான்.

மோர்ஸ்: கண்ணால் படிக்காதீர்கள்

செயற்கைக்கோள் காலத்தில் மோர்ஸ் எதற்கு என்று கேட்கலாம். ரேடியோவை அணைத்து வைத்திருக்கும்போது பக்கத்துக் கப்பலோடு பேச விளக்குதான் வழி, விளக்கு பேசுவது மோர்ஸில்தான். புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டிப் படித்தால், பின்னால் ஒவ்வொரு எழுத்துக்கும் மனசுக்குள் அட்டவணையைத் தேடுவீர்கள், வேகம் ஓரிடத்தில் நின்றுவிடும். ஒலியாகப் பழகுங்கள்: புள்ளி 'டிட்', கோடு 'டா'. 'டிட்-டா' என்றால் ஆல்ஃபா, 'டா-டிட்' என்றால் நவம்பர். ஒவ்வொரு எழுத்தையும் ஆரம்பத்திலிருந்தே முழு வேகத்தில் கேட்டு, எழுத்துகளுக்கு நடுவே மட்டும் இடைவெளியை நீட்டிக்கொள்ளுங்கள். இதற்கு இலவச ஆப்கள் போனிலேயே இருக்கின்றன. தினமும் 15 நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவது பிரயோஜனப்படாது.

மூன்று டிட் சியரா, நாலு டிட் ஹோட்டல், ஐந்து டிட் எண் 5. எல்லோரும் தடுக்குகிற இடம் இதுதான். எண்ணாதீர்கள், தாளமாகக் கேளுங்கள். விளக்கில் படிப்பது கடைசியில் வரட்டும். ஒலியில் தேறியவருக்கும் ஒளி முதலில் தடுமாறும், அது வேறு பழக்கம்.

கொடி

டாக் கிளையில் போடப்பட்டால் கொடிப் பெட்டிதான் உங்கள் வீடு. எந்தக் கொடி எந்த அறையில் சுருட்டி வைத்திருக்கிறது என்று இருட்டிலும் கை போக வேண்டும். கொடிகளை ஒன்றோடொன்று இணைக்க இங்கிள்ஃபீல்டு கிளிப் என்று ஒரு உலோகக் கொக்கி உண்டு. பக்கவாட்டில் நுழைத்துத் திருப்பினால் மாட்டிக்கொள்ளும். ஈரக் கையோடு, காற்று முகத்தில் அடிக்கும்போது, கப்பல் ஆடிக்கொண்டிருக்கும்போது அதை மாட்டிப் பழக வேண்டும். வகுப்பறையில் சுலபமாகத்தான் இருக்கும்.

இன்னொரு கப்பல் கொடி ஏற்றுகிறது என்று வையுங்கள். அதைப் பார்த்துவிட்டீர்கள், ஆனால் இன்னும் பொருள் பிடிபடவில்லை என்றால் உங்கள் பதில் கொடியைப் பாதி உயரத்தில் நிறுத்த வேண்டும். புரிந்ததும் உச்சி வரை ஏற்ற வேண்டும். அந்தக் கப்பல் தன் கொடியைச் சட்டென்று கீழே இறக்குகிற அந்த நொடிதான் "இப்போது செய்" என்பதற்கான நேரம். எல்லாக் கப்பலும் ஒரே சமயத்தில் திரும்புவது அப்படித்தான். ஒரு சத்தம் கிடையாது, ஒரு ரேடியோ அலை கிடையாது. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும்.

எந்த அலை எவ்வளவு தூரம்

இயற்பியலை வெறுத்தவர்கள் இங்கே மனம் மாறிவிடுவார்கள். வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். என்ற மிக உயர்ந்த அலைவரிசை அலைகள் கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரைதான், கொஞ்சம் கூடப் போகும். பக்கத்துக் கப்பலுக்கு, ஹெலிகாப்டருக்கு அது போதும். எல்லா நாட்டுக் கப்பலும் அவசரத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கிற 16-ம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், இந்த வகைதான். அதில் ஒரு மீனவர் ஆபத்து என்று கூப்பிட்டால் மற்ற எதையும் விட அதுதான் முதல்.

எச்.எஃப். என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை. வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஆனால் பகலில் நன்றாக வேலை செய்த அலைவரிசை இரவில் செத்துப்போகும். பகலுக்குக் கொஞ்சம் உயர்ந்த அலைவரிசை, இரவுக்குத் தாழ்ந்தது என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் பழைய மீடியம் வேவ் ரேடியோ இருந்தால், பகலில் கேட்காத தூரத்து நிலையங்கள் ராத்திரியில் தெளிவாகக் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் அதே வானடுக்குதான். சூரியன் மறைவதற்கு முன்பே அடுத்த அலைவரிசையைத் தயாராக வைத்திருப்பவர்தான் வாட்ச்சில், அதாவது தன் பணிமுறை நேரத்தில், நிம்மதியாக இருப்பார்.

நீர்மூழ்கிக் கப்பலுக்கு இவை எதுவும் எட்டாது, கடல்நீர் விழுங்கிவிடும். மிகத் தாழ்ந்த வி.எல்.எஃப். அலை மட்டும் நீருக்குள் சில மீட்டர் இறங்கும். அதற்கான நிலையம் நம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில்தான் இருக்கிறது, பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990-ல் தொடங்கியது. அவ்வளவு நீள அலைக்குப் பிரம்மாண்டமான கோபுரங்களும் பரந்த நிலமும் வேண்டும். நீர்மூழ்கியால் அந்த அலையைக் கேட்க மட்டுமே முடியும், அதே வழியில் பதில் சொல்ல முடியாது. தெலங்கானாவின் தாமகுண்டத்தில் இரண்டாவது நிலையத்துக்கு 2024 அக்டோபரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இவற்றுக்கு மேலே செயற்கைக்கோள்: 2013 ஆகஸ்டில் ஏவிய ஜிசாட்-7 கடற்படைக்கென்றே செய்தது, ருக்மணி என்று கூப்பிடுவார்கள்.

வாட்ச்சும் பதிவேடும்

கப்பலில் நாள் என்பது நாலு மணி நேரத் துண்டுகள். மாலை நாலு முதல் எட்டு வரை மட்டும் இரண்டு இரண்டு மணியாகப் பிரித்திருப்பார்கள், ஒரே ஆளுக்குத் தினமும் ஒரே நேரம் வராமல் சுழல வேண்டும் என்பதற்காக. நள்ளிரவு முதல் நாலு மணி வரை உள்ள வாட்ச்தான் உங்களைச் சோதிக்கும். பத்து நிமிடம் முன்னதாகவே போய், முந்தைய ஆளிடம் எந்தெந்த அலைவரிசை திறந்திருக்கிறது, எந்தச் செய்திக்குப் பதில் பாக்கி, எந்தக் கருவி மக்கர் செய்கிறது என்று கேட்டு, நீங்களே கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பொறுப்பை வாங்க வேண்டும்.

செய்திகளுக்கு நாலு அவசர நிலை: ஃபிளாஷ், இமிடியட், பிரையாரிட்டி, ரொட்டீன். ஃபிளாஷ் வந்தால் கையில் இருப்பது எதுவானாலும் கீழே வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் தேதி-நேரக் குறிப்பு இருக்கும், அது ஜூலு நேரத்தில், அதாவது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்தது. 16-ம் தேதி அதிகாலை 2:30-க்கு நீங்கள் எழுதுகிற செய்தியின் குறிப்பு '152100' ஜூலு என்று இருக்க வேண்டும், தேதியே 15 ஆகிவிடும். புதிதாக வருகிறவர்கள் மணியைச் சரியாகக் கழித்துவிட்டுத் தேதியை மாற்ற மறப்பார்கள். அறையில் இரண்டு கடிகாரம் மாட்டியிருப்பது இதற்குத்தான், ஜூலு கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

பதிவேட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது, தப்பு என்றால் ஒரே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள். அடித்த எழுத்தும் படிக்கும்படி இருக்க வேண்டும். பின்னால் விசாரணை என்று வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்தப் பக்கம்தான்.

ஜன்னல் இல்லாத அறை, காதில் ஹெட்செட், கப்பல் ஆட்டம். கடல் குமட்டல் வரும், பலசாலிக்கும் வரும். வெறும் வயிற்றோடு வாட்ச்சுக்குப் போகாதீர்கள், எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம். உலர்ந்த பிஸ்கட், கொஞ்சம் இஞ்சி, பக்கத்தில் ஒரு வாளி. வாந்தி எடுத்துவிட்டு மறுபடி ஹெட்செட்டை மாட்டிக்கொள்வதில் அவமானம் எதுவும் இல்லை.

வாய் மூடியிருப்பதும் வேலைதான்

ஒரு முறை ரேடியோவில் பேசினால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எதிரிக்குத் திசை காட்டிவிடுகிறீர்கள். அதனால் சில நாட்கள் எதுவும் அனுப்பாமல் கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்க வேண்டியிருக்கும். 1971 பாகிஸ்தான் போரில் இதையே திருப்பிப் போட்டார்கள். விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்த் அந்தமான் பக்கம் ஒளிந்திருக்க, வைஸ் அட்மிரல் கிருஷ்ணனின் ஏற்பாட்டில் ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற பழைய கப்பல் விசாகப்பட்டினம் கடலில் விக்ராந்த் போலவே நிறைய ரேடியோ செய்திகளை அனுப்பியது. ஒரு மாலுமி தன் அம்மாவின் உடல்நிலையை விசாரிப்பதுபோல ஒரு தந்தியும் போனது. பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விக்ராந்தைத் தேடி அங்கேயே வந்தது, டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி மூழ்கியது. சாதாரண வீட்டுச் செய்தி ஒன்று கப்பலின் இருப்பிடத்தைச் சொல்லிவிடும் என்று எதிரி நம்புகிற அளவுக்கு அது மதிப்புள்ள தகவல் என்பதைக் கவனியுங்கள்.

இதே பாடம் உங்கள் போனுக்கும் பொருந்தும். சமூக வலைத்தளத்தில் பெண்கள்போலப் பழகி மாலுமிகளிடம் தகவல் கறந்த வழக்கில் கைதுகள் நடந்த பிறகு, 2019 டிசம்பரில் கடற்படை தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை போட்டது. கம்யூனிகேஷன் ஆள் என்றால் உங்களைத்தான் முதலில் குறிவைப்பார்கள், எல்லாச் செய்தியும் உங்கள் கை வழியாகப் போகிறதே. எந்தப் பிரிவு, எந்தக் கப்பல், எப்போது கிளம்புகிறது என்று வீட்டு வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள். அம்மாவிடம் "நல்லா இருக்கேன், கொஞ்ச நாள் போன் வராது" என்பது போதும்.

நாலு ஆண்டுக்குப் பிறகு

நிரந்தரமாக எடுக்கப்பட்டால் லீடிங், பெட்டி ஆபீசர், சீஃப் என்று ஏணி இருக்கிறது. எடுக்கப்படாதவர்கள் இந்த அனுபவத்தைக் காகிதமாக்கிக்கொள்ள வேண்டும். வணிகக் கப்பல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஜி.எம்.டி.எஸ்.எஸ். (கப்பல்களின் உலகளாவிய ஆபத்துத் தொடர்பு முறை) பொது ஆபரேட்டர் சான்றிதழ் இருக்கிறது. அந்தப் பாடத்தில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தது. காவல்துறையின் வயர்லெஸ் பிரிவுகளும் கடலோரக் காவல் படையும் ஆள் எடுக்கும்போது பாருங்கள். ஹாம் என்று சொல்லப்படும் அமெச்சூர் ரேடியோ உரிமத்துக்கு 12 வயது முடிந்தாலே தேர்வு எழுதலாம், அதன் பொது நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும். அதனால் கடற்படைக்கு விண்ணப்பிக்கவே இன்னும் வயது வராதவர்கள், பத்தாம் வகுப்பிலோ பதினொன்றிலோ இருப்பவர்கள், முதலில் இந்த ஹாம் தேர்வுக்குப் படியுங்கள். உங்கள் மாவட்டத்தில் ஒரு ஹாம் கிளப் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே போய் ஒரு சாயங்காலம் ஹெட்செட்டை மாட்டிக் கேட்டாலே, இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா இல்லையா என்று தெரிந்துவிடும்.